கடைமடைக்கு வந்த விருந்தாளி

காரைக்கால் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயங்கள் ஞாபகம் வரும். திருநள்ளாறு சனீஸ்வரன், காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. மூன்றாவது என்னவென்று வாஞ்சூர் செக்போஸ்ட்டை அவ்வளவு உற்சாகமாகத் தாண்டி வருகிற நாகூர்ப் பக்கத்து இளைஞர்களைக் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களும் படிக்கிற பத்திரிகை, நான் எழுதுவதற்கில்லை.

நான் சொல்ல வந்தது நாலாவது விஷயம். திருநள்ளாறு ரோட்டில் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால், இரண்டு பக்கமும் வாய்க்கால்களைப் பாருங்கள். தண்ணீர் கண்ணில் படாது. பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரே செடி, மேலே ஊதா நிறத்தில் பூ. புதுசாய்க் கல்யாணமான ஜோடி என்றால் பைக்கை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். விவசாயி என்றால் ஒரு வார்த்தை சொல்கிறார். அதையும் எழுதுவதற்கில்லை.

ஆகாயத்தாமரை. சில ஊர்களில் வெங்காயத்தாமரை என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பொருத்தம். இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே ஸ்பாஞ்சும் காற்றும்தான். அதனால்தான் மிதக்கிறது. ஆகாயத்தாமரை என்பது திருட்டுப் பெயர். சித்த வைத்தியப் புத்தகங்களில் வருகிற ஆகாயத்தாமரை வேறு. அது குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கிற சின்னச் செடி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த ஆசாமி இடத்தைப் பிடித்ததோடு நிற்காமல், அதன் பெயரையும் பிடுங்கிக்கொண்டு விட்டது.

தாவரவியலில் இதற்கு ரொம்ப காலம் ஐக்கோர்னியா என்று பெயர். ஐக்கோர்ன் என்பவர் பிரஷ்யா நாட்டில் கல்வி மந்திரியாக இருந்தவர். 1843-ல் மரியாதைக்காக அவர் பெயரை இதற்கு வைத்தார்கள். மந்திரி பேரை வைத்தால் அப்புறம் லேசில் அகற்ற முடியாது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆபீஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கூட்டுவட்டிக் கணக்கு சொல்கிறேன். நல்ல வெயில், கொஞ்சம் சாக்கடைச் சத்து, வயலிலிருந்து வடிகிற யூரியா, எல்லாம் சரியாகக் கிடைத்தால் இந்தச் செடி சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை, மகரந்தம், வண்டு என்று காத்திருக்காது. பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டும், நுனியில் ஒரு குட்டிச் செடி. தண்டு அறுந்தால் குட்டி தனிக்குடித்தனம். பத்துச் செடியில் ஆரம்பித்து எட்டு மாதத்தில், அதாவது பதினாறு தடவை இரட்டித்தால், 6,55,360 செடி. ஏறக்குறைய ஒரு ஏக்கர் தண்ணீரை மூட அது போதும். எந்த பிராவிடண்ட் ஃபண்டும் இந்த வட்டி தருவதில்லை.

பூத்து விதையும் போடும், அது ரிசர்வ் ஃபண்ட். விதை சேற்றுக்குள் பதினைந்து இருபது வருஷம் உயிரோடு கிடக்கும். நீங்கள் வாய்க்காலைச் சுத்தமாக வாரி, போட்டோ பிடித்து, பேப்பரில் போட்டுவிட்டுப் போன பிறகு அது மெதுவாக முளைக்கும்.

*

இது எல்லா ஊரிலும்தானே இருக்கிறது, காரைக்காலுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாங்கள் கடைமடை.

கடைமடை என்றால் சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி, மூன்றாவது மாடி ஃபிளாட்டின் கடைசிக் குழாய். எல்லோரும் பிடித்த பிறகு வருவதுதான் நமக்கு. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி திறக்கிறார்கள் என்றால் (அணையில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில்) கல்லணைக்கு வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கும்பகோணத்தைக் கடந்து அரசலாறாக எங்களிடம் வந்து சேரும்போது காவிரி ரொம்பவும் இளைத்திருக்கும். நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜன் ஆறு என்று எங்களிடம் ஆறுகளின் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-ல் காரைக்காலுக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதைத் தொடவில்லை. தீர்ப்பில் 7 என்று இருக்கிறது. வாய்க்காலில் எவ்வளவு வருகிறது என்பது செடியைப் பொறுத்தது.

என் பெரியப்பாவுக்குத் திருநள்ளாறு தாண்டிக் கொஞ்சம் நிலம். அவர் ஆகாயத்தாமரை பற்றிப் பாடம் நடத்துவதில்லை. ஒரே வரிதான். "தண்ணி வருதோ வரலையோ தம்பி, தாமரை வந்துடும்."

அது எப்படி என்று ஒரு நாள் மதகடியில் நிறுத்திக் காட்டினார். மேலேயிருந்து மிதந்து வருகிற செடி முதல் குறுகலில் மாட்டும். பாலத்தின் காலிலோ ஷட்டரிலோ நாலு செடி நின்றால் போதும், அடுத்து வருகிற நானூறும் அதைப் பிடித்துக்கொள்ளும். ரயில் படிக்கட்டில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களே, அதே மாதிரி. செடியின் வேர் தண்ணீருக்குள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் வண்டல் தங்கும், வாய்க்கால் மேடாகும். மேடான இடத்தில் இன்னும் கொஞ்சம் செடி. ஒரு பக்கம் அது தண்ணீரைக் குடிக்கவும் செய்கிறது. வெறும் தண்ணீர் வெயிலில் ஆவியாவதைவிட, செடி மூடிய தண்ணீர் ஜாஸ்தியாக ஆவியாகிறது.

ஆக, வருகிற தண்ணீர் வரவில்லை. சரி, போகட்டும் என்று ஐப்பசியில் வானத்தைப் பார்த்து சம்பா போடுகிறார்கள். கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. ஒரே ராத்திரியில் வயலெல்லாம் கடல். இங்கேதான் டெல்டாவின் சங்கடம் ஒன்று இருக்கிறது. இங்கே பல இடங்களில் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒரே வாய்க்கால். ஜூலையில் தண்ணீரை உள்ளே விடாத அதே செடி, நவம்பரில் தண்ணீரை வெளியே விடாது. இளம் பயிர் ரெண்டு மூணு நாள் முழுகிக் கிடந்தால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள் என்றால் அழுகிவிடும். பெரியப்பா அந்த நாட்களில் வீட்டில் யாரோடும் பேசமாட்டார். பெரியம்மா காப்பியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். மறுபடி நாற்று வாங்கி நட என்ன செலவாகும் என்பதை அவர் சொன்னதில்லை. கூட்டுறவு வங்கிக்கு நகை போய் வருவதை வைத்து நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

*

இதில் காரைக்காலுக்கென்றே ஒரு ஸ்பெஷல் சிக்கல். 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை வாங்கினார்கள். 1954-ல் போனார்கள். போகும்போது பென்ஷன், ஜூலை 14 கொண்டாட்டம், நேரான சில வீதிகள், ஒரு எல்லைக்கோடு ஆகியவற்றை விட்டுப்போனார்கள். அந்தக் கோடு ஊர்களை எண்ணிப் போட்டது, ஆற்றைப் பார்த்துப் போட்டதில்லை. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தலைநகரான புதுச்சேரிக்குப் போகவே தமிழ்நாட்டுக்குள் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்காரவேண்டும்.

செடிக்கு எல்லை தெரியாது. மேலே தமிழ்நாட்டின் நீர்வளத்துறை, கீழே எங்கள் பொதுப்பணித்துறை. இரண்டு பட்ஜெட், இரண்டு டெண்டர், தூர் வாருகிற தேதியும் இரண்டு. இவர்கள் ஒரு வாய்க்காலை வழித்துத் துடைத்து முடிக்கிற வாரம் மேலே ஷட்டரைத் தூக்கினால் போயிற்று. அத்தனையும் இலவசமாக வந்து இறங்கிவிடும். மேலே இருக்கிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் ஷட்டரில் அடைத்தால் அவர்களும் தள்ளத்தானே வேண்டும்? கும்பகோணத்தில் தள்ளினால் அடுத்த ஊர், அடுத்த ஊரில் தள்ளினால் அதற்கடுத்த ஊர். எங்களுக்கு அடுத்த ஊர் கிடையாது. கடல்தான்.

கடலைப் பார்த்தால் மட்டும் இதற்கு பயம். உப்புத் தண்ணீரில் பிழைக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இலை கருகி, அழுகி, தண்ணீரிலிருக்கிற ஆக்ஸிஜனையும் தீர்த்துவிட்டுத்தான் சாகும். மிச்சம் பீச்சில் ஒதுங்கும்.

இந்தச் செடியிடம் தோற்றவர்கள் பட்டியலில் நாம் கடைசி ஆள், அதுவும் கடைமடைதான். இலங்கையில் 1909-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். வங்காளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூ அழகாயிருக்கிறதே என்று யாரோ கொண்டுவந்தது, கொஞ்ச வருஷத்தில் ஆறு, நெல் வயல், படகுத் துறை என்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. 1936-ல் சட்டம் வந்தது: வீட்டுப் பக்கம் இதை வைத்திருக்கக் கூடாது, அகற்றுகிற வேலையில் ஜனங்கள் கலந்துகொள்ள வேண்டும். அடுத்த வருஷத் தேர்தலில் ஆகாயத்தாமரையை ஒழிப்போம் என்பது கட்சிகளின் வாக்குறுதி. ஜெயித்து வந்த பஸ்லுல் ஹக் நிஜமாகவே ஒழிப்பு இயக்கம் நடத்தினார். இப்படி ஒரு வாக்குறுதியை நிறைவேற்ற முயன்றதற்காகவே அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காக்காரர்கள் வேறு ரகம். 1884-ல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் செடியை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கொஞ்ச காலத்தில் லூசியானாவில் படகு போக வழியில்லை. 1910-ல் அந்த மாகாணத்து எம்.பி. ராபர்ட் புரூஸார்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்குமதி செய்வது. நீர்யானை செடியைத் தின்னும், நாம் நீர்யானையைத் தின்னலாம். அப்போது அங்கே மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் கதை விடவில்லை, பாராளுமன்றத்தில் பதிவான மசோதா. நல்லவேளை நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் நம்ம ஆட்களும் பார்த்துவிட்டு, மகாமகக் குளத்தில் ரெண்டு விட்டுப் பார்க்கலாமே என்றிருப்பார்கள்.

கரையில் நிற்கிற இன்னொன்றைப் பற்றி ரெண்டே வரி. வாய்க்கால் ஓரமெல்லாம் ரோஸ் நிறப் பூவோடு ஆள் உயரம் நிற்கிறதே, அது நெய்வேலி காட்டாமணக்கு. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான், எப்படியோ நெய்வேலி இனிஷியலைப் போட்டுக்கொண்டது. ஆடு தொடாது, விஷம். வெட்டிக் கரையில் போட்டால் வெட்டிய துண்டெல்லாம் தளிர்க்கும். ராவணன் தலை.

*

செடியாவது கடலில் செத்துப்போகிறது. இரண்டாவது விருந்தாளிக்கு உப்பும் சம்மதம், நல்ல தண்ணீரும் சம்மதம், சாக்கடையும் சம்மதம். ஜிலேபி கெண்டை.

திலாப்பியா என்ற பெயர் நம்ம நாக்கில் விழுந்து ஜிலேபியாகிவிட்டது. மற்றபடி பாகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் 1852-ல் மொஸாம்பிக் மீன் என்று இதை விவரித்து எழுதினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1952-ல் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது ரேஷன் காலம், அரிசிக்கே க்யூ. எந்தக் குட்டையிலும் வளரும், எதையும் தின்னும், ஏழைக்குப் புரதம். ஊர் ஊராகக் குளத்தில் விட்டார்கள்.

நம்ம கெண்டை வகையறாக்கள் புது வெள்ளம் வரும்போது லட்சக்கணக்கில் முட்டையைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பிழைத்தது பாக்கி. ஜிலேபி அப்படியில்லை. ஆண் அடித்தரையில் குழி பறித்து வீடு கட்டும். பெண் முட்டைகளை வாயில் எடுத்து வைத்துக்கொண்டு அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் விரால் நிழல் தெரிந்தால் குழந்தைகள் எல்லாம் ஓடி அம்மா வாய்க்குள் புகுந்துகொள்ளும். தாய்ப்பாசத்தில் நம்ம பழைய சினிமா அம்மாக்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். பிறந்து ரெண்டு மூணு மாசத்தில் கல்யாணம், வருஷத்துக்குப் பல பிரசவம். குளம் நெரிசலானால் வளர்வதை நிறுத்திவிட்டுப் பென்சில் பாக்ஸ் சைஸிலேயே பிள்ளை பெற ஆரம்பிக்கும். அதனால் ஏழைக்குக் கிடைத்தது முள்தான்.

இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு விழித்துக்கொண்டு, இனிமேல் பரப்பாதீர்கள் என்று சொன்னபோது 1959. ஏழு வருஷம். அதற்குள் ஜிலேபி எள்ளுப் பேரனுக்குப் பேரன் எடுத்து, அவனுக்கும் வளைகாப்பு நடத்தி முடித்திருந்தது. மீன் சர்க்குலர் படிப்பதில்லை.

அதனால் என்ன போயிற்று என்றால், எங்கள் பக்கத்துக் குளங்களில் செல்லக்காசு என்று ஒரு மீன் உண்டு. காசு மாதிரி வட்டம், மஞ்சள், புள்ளி. ஜிலேபிக்குத் தூரத்துச் சொந்தம். அதுவும் குஞ்சுகளைக் காவல் காத்து வளர்க்கிற ஜாதிதான், ஆனால் சாது. ஜிலேபி நெருக்குகிற குளத்தில் அதற்கு முட்டை ஒட்ட இடம் கிடைப்பதே கஷ்டம். பனையேறிக் கெண்டை என்று இன்னொன்று. இது சாதாரண மீனில்லை ஸார், உலகப் பிரசித்தம். எங்களுக்கு வடக்கே பஸ்ஸில் அரை மணி தூரம் தரங்கம்பாடி. அங்கே டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் ராணுவ அதிகாரி. 1791-ல் ஒரு மழை நாளில் இந்த மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்தேன் என்று எழுதிவைத்தார். 1797-ல் லண்டன் லின்னேயன் சொசைட்டியில் அது அச்சாகி, வெள்ளைக்காரர்கள் அப்புறம் நூறு வருஷம் நம்பலாமா கூடாதா என்று சண்டை போட்டார்கள். மரம் ஏறுமோ என்னமோ, மழை பெய்தால் குளம் விட்டுக் குளம் தரையில் நடந்து போவது நிஜம். காற்றையே சுவாசிக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது பாட்டி வீட்டுக் கொல்லைக் குட்டையில் பார்த்தது. என் பிள்ளைக்குக் காட்ட ஒரு மழைக்காலம் முழுக்கத் தேடியும் ஜிலேபிதான் கிடைத்தது.

ஆனாலும் ஜிலேபியை வில்லன் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் நடவு முடிந்து திரும்புகிறவர் வாய்க்காலில் வலையை வீசி நாலு பிடித்துக்கொண்டு போனால், அந்த வீட்டில் அன்றைக்குக் குழம்பு. மார்க்கெட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு அவரிடம் போய் சூழலியல் பேசுவது அழகில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இப்போது வேறு வழியில் போகிறார்கள். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், விஜயவாடாவில் கிஃப்ட் என்ற சீமைத் திலாப்பியா ரகத்தை வளர்க்கிறது. வேகமாக வளரும், ஆண்களாகவே குளத்தில் விடுவார்கள், அனுமதி வாங்கித்தான் வளர்க்க வேண்டும். பேச்சிலர் மேன்ஷன் மாதிரி. பிரசவச் செலவு இல்லை. மேன்ஷன் காம்பவுண்டுச் சுவரை வெள்ளம் தாண்டாத வரைக்கும் சரி.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன். கோழிக்கழிவைப் போட்டுக் குட்டையில் வளர்க்கிறார்கள், ரகசியமாக. மற்ற மீன், தவளை, குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் விழுங்கும். டெல்டாவில் ஒரு நல்ல புயல் மழை வந்தால் எந்தக் குட்டை எந்த ஆறு என்று யார் கண்டது? கரை உடைகிற ராத்திரியே அதற்கு விடுதலை.

*

சரி, என்னதான் செய்வது?

கூடை பின்னலாம் என்பார்கள். காய்ந்த தண்டில் கூடை, பை, நாற்காலி எல்லாம் நன்றாகவே வருகிறது, நாலு பெண்களுக்கு வருமானமும் உண்டு, வாழ்க. ஆனால் கூடை பின்னி ஆறு சுத்தமாகாது. 6,55,360 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு லாரி ஏற்றினால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீருக்குத்தான் டீசல் போடுகிறோம்.

வண்டு விடலாம் என்பார்கள். இது நிஜமான வைத்தியம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து நியோகெட்டினா என்ற கூன்வண்டைத் தருவித்து, வேறு எந்தப் பயிரையும் தின்னாது என்று சோதித்துப் பார்த்து, பெங்களூர்ப் பக்கத்து ஏரிகளில் விட்டார்கள். சில வருஷத்தில் ஏரிகள் தெளிந்தன. ஆனால் வண்டுக்கு அவகாசம் வேண்டும், நிலையான தண்ணீர் வேண்டும். எங்கள் வாய்க்காலில் நாலு மாதம் வெள்ளம், நாலு மாதம் கட்டாந்தரை. வண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்தவுடன் வீட்டோடு கடலுக்குப் போய்விடும். எங்கள் பெரிய குளங்களுக்கு முயன்று பார்க்கலாம், ஆற்றுக்கு உதவாது.

மருந்து அடிக்கலாம். செத்த செடி அத்தனையும் அதே தண்ணீரில் அழுகும். அந்தத் தண்ணீர்தான் மாட்டுக்கும் வயலுக்கும். வேண்டாம்.

எனக்குப் பிடித்த கதை சேர்த்தலையில் நடந்தது. கேரளாவில் அந்தப் பக்கம் யானைக்கால் வியாதி ஜாஸ்தி. காரணமான மேன்ஸோனியா கொசுவின் புழு, மிதக்கிற செடிகளின் வேரைக் குத்தி அதிலிருந்து காற்றை உறிஞ்சி வாழும். மேலே மூச்சு விடவே வராது, அதனால் தண்ணீரில் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. செடியை எடுத்தால் கொசு போச்சு. ஆனால் ஜனங்கள் எடுக்க மாட்டேன் என்றார்கள். தென்னைக்கு அதுதான் உரம். எங்கள் புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய வி.சி.ஆர்.சி. என்கிற கொசு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் 1980-களின் பிற்பகுதியில் அங்கே போய் லெக்சர் அடிக்காமல் ஒரு காரியம் செய்தார்கள். குளத்தில் மீன் வளருங்கள், குஞ்சு தருகிறோம் என்றார்கள். மீன் வளர வேண்டுமானால் வெயில் படவேண்டும், வெயில் பட செடியை எடுக்கவேண்டும். எடுத்தார்கள். அதுவும் சந்தோஷமாக.

எங்கள் வாய்க்காலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் ஆறு வற்றிக் கிடக்கும்போது செடி அங்கங்கே பள்ளத்தில் கொஞ்சம்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பத்துச் செடிக் கட்டம் அது. அப்போது கும்பகோணத்திலிருந்து காரைக்கால் வரை ஒரே மூச்சில், மேலேயிருந்து கீழாக, இரண்டு அரசாங்கமும் ஒரே காலண்டரை மாட்டிக்கொண்டு எடுத்தால் ஆகிற செலவு, அக்டோபரில் ஆறு லட்சத்தை எடுப்பதைவிடக் கம்மி. எடுத்ததைக் கரை மேலேயே போடாமல் தள்ளிக் காயப்போட வேண்டும். பெரியப்பா தன் பங்குக்கு மதகில் சேர்வதை இழுத்துக் காயவைத்துச் சாணியோடு சேர்த்துக் குழியில் மக்கவைக்கிறார். அந்த எரு போன தென்னையில் காய் நன்றாகத்தான் இருக்கிறது. "உனக்கு வேணும்னா மூட்டை கட்டித் தரேன், பஸ்ல எடுத்துட்டுப் போ" என்றார். நான் ஒரு தேங்காயோடு நிறுத்திக்கொண்டேன்.

வாய்க்கால் இருக்கட்டும். மாடி வீட்டு இளைஞர்களுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கவேண்டாம். என் ஆபீஸில் ஒரு நண்பர், சென்னைக்காரர். போன வருஷம் அவருக்குச் சொந்த ஊருக்கே மாறுதல் வந்துவிட்டது. ஃப்ரிஜ், பீரோ எல்லாம் லாரியில் ஏற்றியாகிவிட்டது. மீன்தொட்டி மட்டும் பாக்கி. அதில் கறுப்பாய், வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று. டேங்க் கிளீனர். கொளத்தூரில் வாங்கியபோது விரல் நீளம், இப்போது ஒரு அடி.

"கோயில் குளத்துல விட்டுரலாம்னு இருக்கேன் ஸார். புண்ணியமாப் போகும்" என்றார்.

அதுவும் அமேஸான் பக்கத்து ஆசாமி, உடம்பெல்லாம் கவசம், நம்ம மீன் எதுவும் அதைத் தின்னாது, கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும் என்று நான் பதினைந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துரட்டுமா?"

"அதுதான் சரி."

"இங்க கடைக்காரன் பெரிசு வேண்டாங்கறான் ஸார். லாரி வேற கிளம்புது." தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

இப்போது அது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. ஒண்ணே கால் அடி. பதினைந்து வருஷம்கூட உயிரோடு இருக்குமாம். எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்குப் பன்னிரண்டு வருஷம்தான் பாக்கி.